ஃபிஸ்கம்மாவின் வடக்கு அறை

எலக்டா ஃபிஸ்க்கைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எல்லாம் அரைகுறை. அவளுக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்து ஆயுசு பூராவும் தொப்பி தைத்தவள் நான். நான் சொல்வதுதான் சரி.

குட்டையான பெண். நடந்தால் பலகைத் தரை அதிரும், அதட்டினால் கோழிகள் ஓடும். வெர்மான்ட் மாநிலத்து மலைக்குள் முடங்கிக் கிடந்த எங்கள் ஊரில் மூன்று டாக்டர்கள் சேர்ந்து பழைய கம்பளி ஆலையில் 'மருத்துவக் கல்லூரி' என்று பலகை மாட்டினார்கள். ஊரே வாய் பிளந்து நின்றது. "அதெல்லாம் சரி, வர்ற பசங்க எங்க தின்னுவானுங்க?" என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். கேட்ட கையோடு வீட்டைத் திறந்துவிட்டு, அவர்களைத் தங்கவைத்துச் சோறு போட ஆரம்பித்தாள். பையன்களுக்கு அவள் ஃபிஸ்கம்மா ஆனாள்.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பருவம் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். அடுத்த வருஷம் அதே பாடத்தை, அதே வாத்தியார் வாயால், அதே பழைய நகைச்சுவையோடு மறுபடியும் கேட்பார்கள். இரண்டாம் தடவையும் தூங்காமல் இருந்தவன் டாக்டர்! ஆனால் உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டுமே, அதற்கு எங்கே போவது? தூக்கில் தொங்கியவன் உடம்பைத்தான் எடுக்கலாம் என்றது சட்டம். எங்கள் பக்கம் நடக்கிற பெரிய குற்றமே வேலியை நகர்த்துவதுதான். அப்புறம் என்ன, மயானம்தான் கதி. அதிலும் குளிர்காலம் வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். மண் உறைந்துவிடும், கடப்பாரை இறங்காது. அதனால் செத்தவர்களை மயானத்துக் கல் அறையில் பெட்டியோடு அடுக்கி, பனி இளகிய பிறகுதான் புதைப்போம். அவர்கள் ஒரு பூட்டை உடைத்தால் போதும்.

எலக்டாவின் புருஷன் ஐரா, தபாலும் ஆளும் ஏற்றும் குதிரை வண்டி ஓட்டியவன். மாணவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "பொணந்திருடனுங்களுக்கு பீன்ஸ் வேற வேகவைக்கிறா" என்று அவர்கள் காதுபடவே சொல்வான்.

"வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்தது யாரு? நீதான?" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த பிப்ரவரியில் ஐராவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். "எலக்டா, அந்தப் பயலுக அறுக்குற மேசைக்கு மட்டும் என்னை விட்டுறாத. பயமா இருக்குடி" என்றான். அந்த முரட்டு ஆள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"உன்னை ஒருத்தனும் தொட மாட்டான். நானாச்சு" என்றாள் அவள்.

விடிவதற்குள் ஐரா போய்விட்டான். அதுவும் கல்லூரி நடக்கிற காலம்.

"ரோக்ஸி, கல் அறைக்கு அனுப்பினா மனுஷன் தங்குவானா?" என்று என்னைக் கேட்டாள் எலக்டா.

"விளையாடுறியா? ரெண்டு நாள் தங்கினாலே பெரிசு."

அவள் சமையலறைக்குப் பின்னால் இருந்த வடக்கு அறையைப் பார்த்துத் தாடையை ஆட்டினாள். கணப்பு இல்லாத அறை அது. பன்றித் தொடையும், ஆப்பிள் பை என்கிற இனிப்பு அடையும் அங்கே குளிர்காலம் முழுக்கக் கல்லாக உறைந்து கிடக்கும்.

"அடிப்பாவி! வீடு பூரா மருத்துவப் பசங்க!" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். சோறு திங்கிற வீட்டுல எவனாவது தேடுவானா?"

ஐராவின் குதிரைத் தீனிப் பெட்டி அங்கேதான் கிடந்தது. ஆறடி நீளம். அவனை அதில் படுக்க வைத்தோம். சவப்பெட்டியில் மேப்பிள் விறகை அடுக்கி, உருளாமல் இருக்கப் பழைய கம்பளியைத் திணித்தோம். ஊர் ஆண்கள் அதைத் தோளில் கல் அறைக்குச் சுமந்து போனார்கள். பாதிரியார் உருக்கமாக ஜெபித்தார். நான் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

அந்த வாரமே சவப்பெட்டி காணாமல் போனது. மறுநாள் சாப்பாட்டில் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாத்தியார் முன்னால் மூடியைத் திறந்து விறகைப் பார்த்தவர்கள் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

எலக்டா பீன்ஸைப் பரிமாறிக்கொண்டே, "மேப்பிள் விறகு நின்னு எரியுமாமே! கல்லூரியில குளிர் விட்டுச்சாப்பா?" என்றாள். ஒருவனுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

ஐராவை அவன் தம்பி வந்து தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பையன்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். "இந்த வருஷம் ஒரு உடம்புகூட கிடைக்கல, ஃபிஸ்கம்மா" என்று தினமும் புலம்புவார்கள், ஐரா கிடந்த அறைச் சுவரில் சாய்ந்துகொண்டு.

"அப்ப இந்தப் பன்றித் தொடைய அறுங்க" என்பாள் இவள்.

மார்ச்சில்தான் வினை வந்தது. திடீரென்று தெற்குக் காற்று. கூரையெல்லாம் சொட்டியது. மண்ணோ ஒரு சாண் ஆழம்கூட இளகவில்லை. "வாக்குக் குடுத்துட்டேனே, ரோக்ஸி" என்று என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள் எலக்டா. முகம் வெளுத்திருந்தது. இந்தச் சூட்டில் வடக்கு அறையில் ஐரா எத்தனை நாள் தாங்குவான்?

மறுநாள் நான் போய்ப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஐராவைச் சுற்றிக் குளத்து ஐஸ்கட்டி! அது உருகாமல் இருக்க மேலே மரத்தூள். இந்த வயதில் இவள் எப்படி இழுத்து வந்தாள் என்று மலைத்துப்போனேன். வீடெல்லாம் காது, அதனால் அவளிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. அவளும் அன்று என் கையை இறுகப் பிடித்துக் கண் கலங்கினாள். துக்கம் என்று நினைத்தேன். அதன் பிறகு ஐஸ் குறையவே இல்லை.

அந்த நாட்களில் ஓரின் லூமிஸ் என்ற மாணவனுக்குக் கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. தடியன், சாப்பாட்டு ராமன். "இந்தக் கைய எந்த நோயாளிடா தொட விடுவான்?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். நான்தான் வாத்துக் கொழுப்பைத் தேய்த்துவிட்டு, "கையுறை போட்டா குறைஞ்சா போயிருவே?" என்று திட்டினேன். சிரித்தான்.

ஏப்ரலில் மண் இளகியது. எலக்டா பாதிரியாரிடம் உண்மையைச் சொன்னாள். புதுப் பெட்டி வந்தது. மாணவர்களையும் கூப்பிட்டாள். "திருடுறதுக்குத் தூக்கினீங்க இல்ல? இப்ப புதைக்கிறதுக்குத் தூக்குங்க." தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்கள்.

மூடியை வைக்கும்போது, "நல்லவேளை, நீ ஐஸ் வச்சே" என்றேன்.

"நானா? நீதானடி வச்சே!"

இருவரும் விழித்தோம். கதவோரம் நின்ற ஓரின் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"எப்ப இருந்துடா உனக்குத் தெரியும்?" என்றாள் எலக்டா.

"ஆப்பிள் பை திருட வந்தேன், ஃபிஸ்கம்மா. அப்பவே பாத்துட்டேன்."

"வாத்தியார்ட்ட சொல்லியிருந்தா உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடியிருப்பாரே?"

"சொல்லத்தான் கிளம்புனேன்." அவன் தரையைப் பார்த்தான். "போன வருஷம் அங்க மேசையில, முதல்ல முகத்தத் துணியால மூடிருவோம். அப்புறம் அது யாரோ ஒருத்தர். இங்க மூடியத் தூக்கினதும் முகந்தான் தெரிஞ்சுது. நான் ஊருக்கு வந்த அன்னைக்கு அவருதான் வண்டியில இருந்து என் துணிப்பெட்டிய இறக்கி வச்சாரு. 'பயப்படாதடா தடியா, எம் பொண்டாட்டி மாதிரி சமைக்க இந்த மாநிலத்துலயே ஆள் கிடையாது'ன்னாரு."

குளிர்காலம் முழுக்க ஒரு தடவைகூட உடைந்து அழாதவள், காலித் தீனிப் பெட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே, பாவி மனுஷன்" என்று வாய்விட்டு அழுதாள்.

அழுது முடியும் வரை காத்திருந்தோம். பிறகு பையன்கள் ஐராவைத் தூக்கினார்கள். தலைமாட்டை ஓரின் பிடித்துக்கொண்டான்.