கதைக்கப் போனவள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஓ.எல். எழுதியதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரவெட்டியில் வீட்டு மதிலோடு ஒரு கொட்டில் போட்டுத் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறேன். பம்பைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் என்ன பழுது என்று கேட்கவே எனக்குக் கூச்சம். இயந்திரத்தைப் பார்த்தபடிதான் கேட்பேன். அப்படிப்பட்டவன் எழுத வெளிக்கிட்டு மற்றவர்களின் நேரத்தை எடுப்பது சரியில்லை என்று தெரிகிறது. ஆனால் வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் பாதியைத்தான் சொன்னேன். மிச்சப் பாதி இன்னும் நெஞ்சுக்குள் கிடந்து எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வெளிவாரியாக ஒரு பட்டம் எடுத்தாள். அதற்குப் பிறகு பொது நிருவாகத்தில் முதுமாணி படிக்கப் போனாள். சனியும் ஞாயிறும் யாழ்ப்பாணத்தில் வகுப்பு. காலையில் நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறினால் இருட்டுப்படும் நேரத்தில்தான் வருவாள். பாடம் முழுக்க ஆங்கிலம். எனக்கு அதில் ஒன்றும் விளங்காது. அவள் கடினப்பட்டுப் படித்தாள் என்பது மட்டும் விளங்கும். குசினியில் பருப்பு அவிகிற நேரத்தில் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஜீ.ஏ. ஆகப் போறாவோ?" என்று அத்தான் ஒவ்வொரு முறையும் கேட்பார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அரசாங்க அதிபர் ஆவதென்றால்தான் இந்த வயதில் படிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். ஐம்பதாவது தடவை அவர் மட்டும்தான் சிரித்தார்.

படிப்பின் நடுவில் ஐயா, என் அப்பா, பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். அக்கா பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறார். அண்ணை கனடாவில். ஐயா எங்கள் வீட்டில் கிடந்தார். அவரைப் புரட்டி, துடைத்து, சோற்றைக் கரைத்துப் பருக்கியது என் மனைவி. கட்டிலடியில் கதிரையைப் போட்டு அவருக்கு ஒரு கண், தன் ஆராய்ச்சிக்கு ஒரு கண்ணாக இருப்பாள். ஐயா அவள் படிப்பைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. லைட் கண்ணில் குத்துகிறது என்று மட்டும் முனகுவார். அவள் லைட்டைத் துணியால் மறைத்துவிட்டுப் படிப்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி, ஏழைச் சனங்கள் தங்களுக்கு உரிய உதவியைக்கூட அரசாங்கக் கந்தோருக்கு வந்து கேட்காமல் இருப்பது ஏன் என்பது பற்றி. தொண்டைமானாற்றுப் பக்கம் மீன் விற்கிற பெண்களிடம் போய் மணலில் குந்தியிருந்து கேட்டு வந்தாள். நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். "தங்கச்சி, உங்கடை கந்தோரிலை இருக்கிறவை எங்களைப் பாத்து மூக்கைப் பொத்துகினம்" என்று ஒரு அம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவி அதை அப்படியே தன் ஆராய்ச்சியில் எழுதினாள்.

ஐயாவைப் பார்த்ததில் படிப்பு பிந்திவிட்டது. கால நீடிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அது கிடைத்து முடிந்தது. ஆராய்ச்சியைக் கொடுத்துவிட்டாள். இனி வைவா மட்டும்தான் மிச்சம். அதாவது பரீட்சகர்கள் முன்னால் இருந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் வருவதால் ஒரு சனிக்கிழமையை நாளாகக் குறித்திருந்தார்கள். அன்று போகாவிட்டால் அவளுடைய பதிவு முடிந்துவிடும். இத்தனை வருடப் படிப்பும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாள் முந்திய புதன்கிழமை ஐயா மோசம் போனார். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. கொள்ளி வைத்தது நான். அண்ணை அதை வீடியோவில் பார்த்தார்.

எங்கள் ஊரில் எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். கணக்குப்படி அது அடுத்த புதன். வைவாவுக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது. பரவாயில்லை என்று நான் நினைத்தேன். அப்போதுதான் அண்ணை போன் எடுத்து, லீவு கிடைத்துவிட்டது, வெள்ளி இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன் என்றார்.

"அப்ப எட்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளுவம்" என்றார் அக்கா. இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஐயரைக் கேட்கவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. மூத்த மகன் வருகிறார், எட்டு பதினொன்றாகிவிட்டது. அதில் எனக்குக் கோபம் இல்லை. தள்ளுவதுதான் நியாயம்.

கோபம் அன்று மாலை வந்தது. விறாந்தையில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மச்சாள், சனிக்கிழமை காலமை எனக்கு யாழ்ப்பாணம் போக வேணும். ஒரு வைவா இருக்கு."

"அதென்ன அது?"

"நான் செய்த ஆராய்ச்சியைப் பற்றி அங்கை போய்க் கதைக்க வேணும்."

அவள் தன்னடக்கமாகச் சொன்னாள். பெரிதாகக் காட்டக்கூடாது, செத்த வீடு என்று நினைத்துச் சொன்னாள். அந்த ஒரு சொல் அவளைக் கவிழ்த்துவிட்டது.

"கதைக்கவோ?" அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கதைக்கிறதுக்கு யாழ்ப்பாணம் போக வேணுமோ? போனிலை கதையுமன். அண்ணை கனடாவிலை இருந்து தினமும் கதைக்கிறார்."

"வீடியோவிலையும் கதைக்கலாம்" என்றார் அத்தான். "ஐயாவின்ரை சுடலையே வீடியோவிலை போனது."

எங்களிடம் கதைப்பது என்றால் படலையில் நின்று செய்வது. கிணற்றடியில், சந்தையில், பஸ் தரிப்பில் செய்வது. அதற்காக யாரும் எட்டுச் செலவை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பரீட்சை, சோதினை என்று சொல்லியிருந்தால் வேறு. சோதினை என்றால் எங்கள் ஊர் வழி விடும். சோதினைப் பிள்ளை தெருவில் போனால் வண்டிகூட ஓரமாய் நிற்கும்.

நான் தூணோடு நின்றேன்.

"அக்கா, அது சோதினை" என்றேன். "அவ கதைக்கப் போகேல்லை. சோதினைக்குப் போறா."

"சோதினை எண்டால் பேப்பர் எங்கை? பேனை எங்கை?" என்றார் அத்தான். "சும்மா வாயாலை சோதினையோ? அப்ப நானும் எம்.ஏ. பாஸ்தான்."

"உங்கடை பெடியன் ஏ.எல். எடுக்கேக்கை பெரியம்மாவின்ரை செத்த வீடு வந்தது. அவன்ரை படிப்புக் குழம்பும் எண்டு நீங்கள்தான் அவனைப் பண்டத்தரிப்புக்கு அனுப்பினனீங்கள். எட்டுக்கும் அவன் வரேல்லை. ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அவன் பெடியன். அவனுக்கு அது சீவியம்" என்றார். "உவவுக்கு என்ன குறை? கந்தோரிலை கதிரை இருக்கு, மாசம் முடியச் சம்பளம் வருது. மருமகள் இல்லாமல் மாமனுக்கு எட்டுச் சமைக்கிறதோ? எங்கடை பரம்பரையிலை இல்லை."

அப்படி ஒரு பரம்பரை வழக்கத்தை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். பெரியம்மாவின் எட்டுக்கு அயலட்டைதான் சமைத்தது; மருமகள் மன்னாரில் இருந்தார். ஆனால் என்னைக் குத்தியது வழக்கம் இல்லை. உவ. மனைவி அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் தட்டத்தை ஏந்தியபடி நிற்கிறாள். இவ என்று சொல்லலாம். பெயரைச் சொல்லலாம். உவ என்பதில் ஒரு சுட்டுவிரல் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே நிற்பவரை, யாரோ ஒருத்தியைச் சுட்டுகிற விரல். ஐயாவின் மலசலம் எடுத்தவள் உவ.

"சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை ஆக்குவம்" என்றேன். "அண்ணைக்காகத் தள்ளலாம் எண்டால் அவவுக்காகவும் தள்ளலாம்."

"ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு."

"போன் எடுத்துச் சொல்லுங்கோ. கதைக்கிறதுதானே."

அத்தான் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "தம்பிக்கு வாய் வந்திட்டுது" என்றார்.

நான் மேலே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "விடுங்கோ. நான் விடியமுன்னம் எழும்பிச் சமைச்சு வைச்சிட்டுப் போறன். பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன்."

"பாத்தியே" என்றார் அக்கா. முகம் உடனே தெளிந்துவிட்டது. "அவவே சொல்லுறா. நீதான் துள்ளுறாய்."

உவ அவ ஆகிவிட்டாள். எல்லோருக்கும் நிம்மதி. தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஒருத்தி தன் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றிக்கொண்டதும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக ஒரு வீடு எப்படிச் சந்தோசப்படுகிறது என்று அன்று பார்த்தேன். அவர்கள் போன பிறகு மனைவியோடும் கோபித்தேன்.

"நீர் ஏன் ஒத்துக்கொண்டனீர்? நான் கதைச்சுக்கொண்டுதானே நிண்டனான்."

"நீங்கள் கதைச்சு முடிய எட்டுப் போய் முப்பத்தொண்டு அந்தியேட்டியும் வந்திருக்கும்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எனக்குச் சண்டை பிடிக்க இப்ப பெலன் இல்லை. அங்கை போய்க் கதைக்கிற பெலன்தான் மிச்சம் இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை விடியமுன்னம் குசினியில் இரண்டு பேரும் நின்றோம். ஆட்டிறைச்சி, நண்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கையிலை வறை, ஐயாவுக்குப் பிடித்த ஒடியல் மாப் பிட்டு. நான் வெங்காயம் உரித்தேன், தேங்காய் துருவினேன். இறைச்சியை அடுப்பில் வைத்ததும் அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"போய் முழுகும். மிச்சம் நான்."

"உங்களுக்கு உப்புப் பதம் தெரியாது."

"ஐயா வந்து குறை சொல்லட்டும்."

முழுகிவிட்டு வந்து வெள்ளையும் நீலமுமாக ஒரு சேலை உடுத்தாள். வாசலில் நின்று தலைமயிரை முன்னால் இழுத்து மணந்து பார்த்தாள். இறைச்சி வாசம் போகவில்லை என்றாள். நெல்லியடிச் சந்தி வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். மேலே கொண்டுபோக முடியாது. கொள்ளி வைத்தவன் வீட்டில் நிற்க வேண்டும். அவள் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்து உடனே தாள்களை எடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

திரும்பி வந்து அடுப்படியில் நின்றேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"கொள்ளி வைச்சவன் குசினிக்கை நிக்கிறான். ஊர் சிரிக்கப் போகுது."

"ஊர் சாப்பிட வரும்தானே. சாப்பிட்டிட்டுச் சிரிக்கட்டும்."

நான் பிட்டை அவித்தேன். கொஞ்சம் கட்டியாகிவிட்டது. காலையில் கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடித்து வந்து இறங்கிய அண்ணை எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு அறைக்குள் போய்ப் படுத்தவர் படுத்தவர்தான். கனடாவில் இப்போது இரவு என்று அக்கா எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். "சத்தம் போடாதையுங்கோ, அண்ணை நித்திரை" என்று பிள்ளைகளை அதட்டினார். அவருக்காகத் தள்ளிய நாளை அவர் குறட்டை விட்டுக் கழித்தார். அவரில் பிழை இல்லை. களைப்பு. என் மனைவிக்கு மட்டும் களைப்பு என்று ஒன்று இல்லை என்று இந்த வீடு முடிவு செய்திருக்கிறது. அதுதான் கோபம்.

வெயில் தாழ்ந்த நேரம் மனைவி படலையைத் திறந்து வந்தாள். நான் கையில் மாவோடு வெளியே ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா நின்றார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீர். சேலையை மாத்திப்போட்டுக் கெதியா வாரும். வடை சுடேல்லை, அப்பளம் பொரிக்கேல்லை."

போன காரியம் என்ன ஆனது என்று கேட்கவில்லை. பாஸா, பெயிலா, ஒன்றுமில்லை.

"அவ இருக்கட்டும்" என்றேன். சத்தம் கூடிவிட்டது. முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வடை இல்லாட்டில் ஐயா கோவிக்க மாட்டார். நீங்கள் சுடுங்கோ, இல்லாட்டி நான் சுடுறன். அவ இருக்கட்டும்."

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போதும் "விடுங்கோ" என்று சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தாள்.

"என்ன கேட்டவை?" என்றேன்.

"கனக்கக் கேட்டவை. கொழும்பிலை இருந்து வந்தவர் அந்த மூக்குப் பொத்துற கதையைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். கந்தோரிலை இருக்கிறவை இதை ஒத்துக்கொள்ளுவினமோ எண்டார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"நானும் கந்தோரிலைதான் இருக்கிறன், நான் ஒத்துக்கொள்ளுறன் எண்டன்." நெற்றியைத் துடைத்தாள். "பாஸ். கொஞ்சப் பக்கம் திருத்திக் குடுக்க வேணும்."

அக்கா உள்ளே போனார். சற்றுப் பொறுத்து எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. அப்பளம் நிறையக் கருகியிருந்தது. படைக்கிற நேரம் அண்ணையை உலுப்பி எழுப்பினோம். கும்பிட்டு முடித்துச் சாப்பிட இருந்தபோது அவர் மனைவியைப் பார்த்து, "என்னவோ படிக்கிறீர் எண்டு அக்கா சொன்னா. அங்கையெண்டால் உதெல்லாம் ஒன்லைனிலை செய்யலாம்" என்றார். அவள் ஓம் என்றாள். அவருக்கு இன்னொரு துண்டு நண்டு வைத்தது நான். அவள் எழும்பவில்லை.

மறுநாள், எட்டைத் தள்ளச் சொல்லி நான் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை. கோயிலடியில் இரவல் வாங்கிய சமையல் கிடாரங்களைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றில் அடிப்பிடித்த கறை போகவில்லை.