ஆறாம் தரத்துக்கு ஆள் தேடிய கதை

நன்றாகப் படிப்பித்தால் வகுப்பே காலியாகிவிடுகிற தொழில் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். குண்டசாலைப் பக்கம், ஒன்பதாம் தரம் வரை உள்ள ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலையில் நான் ஆசிரியை. போன வருஷம் வரை ஐந்தாம் தரம், இந்த வருஷம் ஆறாம் தரம். இப்படியான பாடசாலைகளில் வெண்கட்டித் தூள் தின்று காலம் தள்ளியவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வரும். சித்தியடைந்த பிள்ளை கண்டி டவுனில் பெரிய பாடசாலைக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையைச் சித்தியடைய வைக்கத்தான் நாம் காலை ஏழு மணியிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னதல்ல.

வட்டிலப்பம்

போன பரீட்சையில் என் வகுப்பில் பத்துப் பேர் டவுன் பாடசாலைக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். எங்கள் பாடசாலை அதற்கு முன் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. பத்துப் பேரின் படத்தையும் போட்டு வாசலில் பெரிய பதாகை கட்டினோம். பாடசாலை அதிபர் தன் கையாலேயே கயிறு முடிந்தார்.

மறுநாள் காலையிலேயே பரீதா வந்தார். திகனயில் துணிக்கடை நடத்தும் குடும்பம். அவருடைய மகள் பத்தில் ஒருத்தி. ஒரு பெரிய தட்டு நிறைய, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்கும் வட்டிலப்பம் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இந்தத் தொழிலில் அப்படி ஒரு காலை கிடைப்பது அபூர்வம், அதனால் தாராளமாகவே அழுதேன். பிறகு பரீதா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒங்கட புண்ணியத்துலதான் டீச்சர் புள்ள பாஸாகின. அந்த லீவிங் சேர்ட்டிபிகட்ட இன்டைக்கே தந்தீங்கன்டா நல்லம்."

அதிபர் கொடுத்த வாக்கு

வருஷம் தொடங்கியதும் ஆறாம் தரத்தை என் தலையில் கட்டினார்கள். நானே காலியாக்கிய வகுப்பு, நானே அனுபவிக்க வேண்டும் என்பது நியாயம்தான். முதல் நாள் வரவு இடாப்பைத் திறந்தால் பதினொரு பெயர்.

அடுத்த வாரம் வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கோபமான மனிதரல்ல. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார். தவணை முடிவதற்குள் பதினைந்து பேராவது இல்லாவிட்டால் ஆறாம் தரம் மூடப்படும், பிள்ளைகளை இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இன்னொரு பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது தானாக உதிரும். இரண்டு பஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். இரண்டாவது பஸ்ஸில் அவர்கள் ஏறமாட்டார்கள், வீட்டில் ஏறவிட மாட்டார்கள்.

அதிகாரி போன பிறகு அதிபரின் அறைக்கு ஓடினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பதறுவது அவருக்குப் பழக்கமில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "நாலு பிள்ளையள்தானே டீச்சர். ஓம், கொண்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டன். இனி நீங்கள் தேடுங்கோ."

படம் இல்லாத பிள்ளை

போன வருஷ இடாப்பை எடுத்துப் பார்த்தேன். டவுனுக்குப் போனவர்கள் பத்துப் பேர், இங்கேயே ஆறுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். மூன்று பேர் எங்கேயுமே இல்லை. வெட்கமாக இருந்தது. என் சொந்த வகுப்பில் மூன்று பிள்ளைகள் காணாமல் போயிருக்கிறார்கள், நான் வட்டிலப்பம் தின்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

முதல் ஆள் சுகந்தி. பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, பாடசாலைக்குப் பின்பக்கம் வாடகை அறையில் இருக்கும் குடும்பம். அம்மாவுக்குக் கார்மென்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனேன். சுகந்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். அம்மாதான் கதிரையைத் துடைத்துப் போட்டார். ஏன் பிள்ளையை அனுப்பவில்லை என்று கேட்டேன். நான் ஏதோ தெரியாததைக் கேட்டது போல என்னைப் பார்த்தார்: "கேட்டுல பெரிய படம் கட்டியிருந்தீங்களே டீச்சர், அதுல இவ இல்லைங்களே. பெயிலான புள்ளைக்கு எதுக்குங்க ஆறாம் வகுப்பு?"

திகனயில் ஒரு பிளேன்டீ

அந்தப் பரீட்சையில் பெயில் என்று ஒன்று கிடையாது. டவுன் பாடசாலைக்குப் புள்ளி போதவில்லை, அவ்வளவுதான். ஆறாம் தரம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. இதை ஒரு வருஷம் முழுக்க நான் ஒரு தாய்க்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போய் முதல் வேலையாகப் பதாகையை அவிழ்த்தேன். பிறகு மூன்று வீட்டுக்கும் மூன்று தடவை நடந்தேன். சுகந்தியின் தம்பியைப் பக்கத்து அறைக்காரர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தேன். மூன்று பேரும் வந்தார்கள். பதினான்கு.

இன்னும் ஒரு பிள்ளை. எனக்குப் பரீதாவின் ஞாபகம் வந்தது. அவருடைய மகள் விடியற்காலையில் வேனில் ஏறி, நாலு மணிக்குத் துவண்டு வந்து விழுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்கே போனேன். பரீதா பிளேன்டீ தந்தார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நானும் விட்டேனா? பெரிய பாடசாலையில் கூட்டம் அதிகம், எங்கள் பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் எங்களுக்குத் தெரியும், அன்பாகப் பார்ப்போம் என்று பிரசங்கமே செய்தேன். பரீதா ஒரு துணியை மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டு, கேலி கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: "நீங்க செல்றது எல்லாம் சரி டீச்சர். ஒங்கட மகள் எந்த ஸ்கூல்ல?"

என் வீட்டு வழக்கு

என் மகள் நிலானியும் ஆறாம் தரம்தான். முதலாம் தரத்திலிருந்தே டவுன் பாடசாலை. அந்த இடத்துக்காக நான் கெஞ்சாத ஆளில்லை. எங்கள் பாடசாலை ஆசிரியர்களில் ஒருவருடைய பிள்ளையும் எங்கள் பாடசாலையில் இல்லை. அதைப் பற்றி ஓய்வறையில் யாரும் பேசுவதும் இல்லை. பரீதா கேட்டபோது பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஊரெல்லாம் போய் உங்கள் பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்கிறவள், தன் பிள்ளையை மட்டும் வேறு இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

நான்கு நாள் யோசித்தேன். என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். இருக்கலாம். ஆனால் என் படிப்பிப்பு என் மகளுக்குப் போதாதென்றால், சுகந்திக்கு மட்டும் அது எப்படிப் போதும்? ஐந்தாம் நாள் டவுனுக்குப் போய், பரீதா என்னிடம் வாங்கிய அதே விடுகைப் பத்திரத்தை நான் இன்னொரு அதிபரிடம் வாங்கினேன். அவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நான் பிடிவாதக்காரி, ஆனால் வரும் வழியில் பஸ்ஸில் அந்தப் பத்திரத்தை மூன்று தடவை எடுத்துப் படித்தேன். நிலானி அழவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆள் எண்ணிக்கைக்குத்தானேம்மா என்னயக் கூட்டிட்டுப் போறீங்க?"

கையெழுத்து

தவணைக் கடைசியில் அதே அதிகாரி வந்தார். வகுப்பில் நின்று தலைகளை எண்ணினார், பிறகு இடாப்பில் பெயர்களை எண்ணினார், இரண்டும் ஒத்துப்போயின. பதினைந்து. அதிபர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெயரில் அதிகாரியின் பேனா நின்றது. முந்தைய பாடசாலை என்ற இடத்தைப் படித்தார். தாயின் பெயரைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வகுப்பு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று இருந்தது. வாசல் வரை வழியனுப்பப் போனேன். அங்கே நின்று, அதிபர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். டவுன் ஸ்கூல்ல உங்க மகளோட எடம் இப்ப காலியாத்தானே இருக்கும்? என் தங்கச்சி மகளுக்காக அங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாங்களா?"

நான் வகுப்புக்குத் திரும்பியபோது பதினான்கு பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பதினைந்தாவது ஆள் என்னோடு இன்னும் பேசுவதில்லை என்றாலும், இடாப்பைப் பொறுத்தவரை அவளும் வந்தவள்தான்.