மல்சுன்னின் புதுப் பல்லும் பில்தூவின் கத்தரிக்கோலும்

கொரியாவின் ஜுமுன்ஜின் மீன் சந்தையில் கணவாய்க் கருவாடு விற்கும் பெண்கள் எல்லோரும் கூவித்தான் விற்பார்கள். மல்சுன் மட்டும் மென்று விற்றாள். வாங்க வந்தவர் "ரொம்பக் கெட்டியோ?" என்று இழுத்தால் போதும். கணவாயின் ஒரு காலைப் பிய்த்து வாயில் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே மெல்லுவாள். "நானே மெல்லுறேன், உங்களுக்கு என்ன கேடு?" என்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு வாங்கிப் போவார்.

நாள் பூராவும் கருவாட்டை மென்றால் எந்தப் பல்தான் தாங்கும்? போதாததற்கு பீர் பாட்டில் மூடியையும் பல்லாலேயே திறக்கிற வீராங்கனை அவள். இளம் வயதிலேயே கடைவாய் ஆட்டம் கண்டது. அந்தக் காலத்தில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாகப் பல் கட்ட வருவான் ஒருவன். டாக்டருக்குப் படித்தவனில்லை, கை மட்டும் வேகம். ஐஸ் கிடங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, ஆடுகிற பல்லின் மேலேயே பளபளவென்று உறை மாட்டிவிட்டுப் போனான். ஒரே பகலில் வேலை முடிந்ததே என்று சந்தையே அவனைக் கொண்டாடியது. உறைக்குள் பல் அழுகிக்கொண்டிருந்ததை யார் கண்டார்கள்?

அறுபதைத் தாண்டியபோது மேலும் கீழும் எல்லாமே ஆடின. கடையில் மெல்லுவது நின்றது. வீட்டில் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக்கூடக் கடிக்க முடியவில்லை. படகை விற்றுவிட்டு வீட்டோடு இருந்த புருஷன் பில்தூ, சாப்பிட உட்காரும்போதே கத்தரிக்கோலோடு வர ஆரம்பித்தார். கிம்ச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போடுவார். அதே கிண்ணத்திலிருந்து தானும் சாப்பிடுவார்.

"உங்களுக்கு என்ன வந்தது? முழுசாக் கடிச்சுத் தின்னுங்களேன்."

"எனக்குத் தனியா ஒரு கிண்ணமா? அதை யாரு தேய்க்கிறது? பேசாம சாப்பிடு."

அந்தக் கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே மல்சுன்னுக்கு உடம்பு கூசும். பல் இருந்த காலத்தில் ஊரையே மென்றவள், இப்போது குழந்தைச் சோறு தின்கிறாள். பக்கத்துக் கடை டக்சிம் வேறு, "அக்கா, இனிமே நீ கணவாயைப் பாத்துச் சப்புக்கொட்டத்தான் லாயக்கு" என்று கிண்டினாள். அன்றைக்குத்தான் மல்சுன் முடிவெடுத்தாள். வாய் முழுக்கப் பல் கட்டிக்கொள்வது. கடையில் கணவாய், வீட்டில் முழு முள்ளங்கி, இரண்டையும் கடித்துக் காட்டுவது.

பல் டாக்டர் பியோ நிதானமான பெண். "அம்மா, கெட்ட பல்லை எல்லாம் எடுக்கணும். ஈறு ஆறணும். தாடையில திருகாணி வெச்சா, எலும்பு அதை இறுக்கிப் பிடிக்க மாசக்கணக்காகும். அதுவரைக்கும் தற்காலிகப் பல்லுதான். கஞ்சி, டோஃபு, மெதுவா வெந்த மீன். அவ்வளவே."

"அந்தப் பைக்காரன் ஒரே பகல்ல முடிச்சானே!"

"அதனாலதான் இப்ப என்கிட்ட வந்திருக்கீங்க."

தற்காலிகப் பல் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் முத்துப் போல இருந்தது. அறுவடைப் பௌர்ணமிப் பண்டிகைக்குச் சந்தையில் கூட்டம் அலைமோதியது. சியோலிலிருந்து வந்த ஒருவர், "கெட்டியா இருக்குமே" என்று வாயெடுத்தார். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஒரு காலைப் பிய்த்தாள், கடித்தாள், இழுத்தாள். 'டக்' என்றது. பல்லின் ஒரு துண்டு, வாங்க வந்தவர் கையிலிருந்த பெட்டியிலேயே விழுந்தது.

"கருவாட்டோட பல்லும் இலவசமா அக்கா?" என்றாள் டக்சிம். சந்தையே சிரித்தது. மல்சுன் வாயைப் பொத்திக்கொண்டு ஐஸ் கிடங்குக்குப் பின்னால் போய் அழுதாள்.

டாக்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனாள். அவர் திட்டவில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பல்லு உடைஞ்சா வேற செஞ்சுக்கலாம். திருகாணி ஆடியிருந்தாத்தான் ஆபத்து. தப்பிச்சீங்க. இங்க பாருங்க, பாரமெல்லாம் வலப்பக்கமே விழுது. ஒரு பக்கமாவே மென்னு பழகிட்டீங்க. இதெல்லாம் தெரியத்தான் தற்காலிகப் பல்லு. கடிக்கிறது சரியான பிறகுதான் நிரந்தரமானது."

"அது வந்தா கணவாய் மெல்லலாமா?"

"ஆசைக்கு எப்பவாவது ஒரு சின்னத் துண்டு. பிழைப்புக்கு மெல்லக் கூடாது. பாட்டில் மூடி ஜென்மத்துக்கும் கூடாது. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க, ராத்திரி பல்லுக்கு மேல கழட்டுற உறை மாட்டிட்டுத்தான் படுக்கணும். பொய்ப்பல்லுதானேன்னு துலக்காம விட்டா ஈறு கெடும், திருகாணியும் போயிடும்."

வாயை வைத்துப் பிழைத்தவளிடம் வாயை விட்டுவிடு என்றால்? இரண்டு நாள் மல்சுன் கடைப்பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்தவர் வழக்கம்போல இழுத்தபோது, ஒரு காலைப் பிய்த்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே மென்னு சொல்லுங்க." அவர் மென்றார், வாங்கினார்.

"இதை முப்பது வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா, உன் பல்லே மிஞ்சியிருக்கும்" என்றாள் டக்சிம். மல்சுன்னுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வசந்தத்தில் நிரந்தரப் பல் வந்தது. முதல் சில நாள் பேசினால் விசிலடித்தது. நாக்குக்கு இடம் பழகியதும் அதுவும் நின்றது. இனி கெட்டியானதைக் கடிக்கலாம் என்று டாக்டர் தலையாட்டிய அன்று, வீட்டில் பில்தூ வழக்கம்போலக் கத்தரிக்கோலை எடுத்தார். மல்சுன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முழு முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் சமமாகக் கடித்தாள். 'கறுக்' என்ற சத்தம் அடுப்படி வரை கேட்டது. காரமும் புளிப்பும் சாறும் வாய் நிறைய இறங்கின. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீங்க. இனிமே உங்களுக்கும் விடுதலை."

பில்தூ ஒரு துண்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மெதுவாகச் சூப்பில் போட்டார். "ஊறட்டும், அப்புறம் சாப்பிடறேன்."

மல்சுன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா!"

திறந்தார். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை.

"எப்பத்திலேர்ந்து?"

"உனக்கு முன்னாடியே. அந்தப் பைக்காரன் முதல்ல ஏறினது என் படகுலதான், முதல்ல கட்டினதும் என் பல்லைத்தான்."

"ஏன் சொல்லலை?"

"உனக்குன்னு நறுக்கினா எனக்கும் ஆச்சுல்ல."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். சூப்பில் கிடந்த துண்டை எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கி அவர் சோற்றின் மேல் வைத்தாள்.

"காலையில பியோ டாக்டர்கிட்ட போறோம்."

"மாசக்கணக்காகும்பாங்களே?"

"ஆகட்டும். அதுவரைக்கும் நான் நறுக்கித் தரேன்."