நீலத் தண்ணீரும் டின் பாலும்

எனக்கு எண்பத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. ஏழும் நன்றாக இருக்கின்றன. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என்றார்கள். பினாங்கில் குவீன் ஸ்திரீட்டில், ஒரு துணிக்கடைக்கு மேலே நானும் கடைசி மகளும் குடியிருந்தோம். அவள் தொழிற்சாலைக்குப் போவாள், நான் சமைப்பேன். இனிப்புநீர் என்று சொன்ன அன்றே சீனியை நிறுத்திவிட்டேன். சீனி டப்பாவைக் கழுவி அதில் கடுகு போட்டு வைத்தேன். அப்படியும் வருஷம் போகப் போக நோய் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அது என் தலையெழுத்து என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு செருப்பு வார் கடித்துக் கால் பெருவிரலில் புண் வந்தது. வந்தது போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சீனர். நர்ஸை மிஸ்ஸி என்போம்; தமிழ் மிஸ்ஸி ஒருத்தி நடுவில் நின்று பேசுவாள்.

“அம்மா, சீனி சாப்பிடுறீங்களான்னு கேக்குறாரு.”

“தொட்டு வருசக்கணக்காச்சுன்னு சொல்லு.”

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

“பொய் சொல்லாதீங்கன்றாரு லா. இப்படியே போனா அந்த விரல எடுத்துடணுமாம்.”

தாசேக் கெலுகோரிலிருந்து மூத்த மகன் ஓடி வந்தான். “விரல எடுத்துட்டா இந்தப் படியில எப்படிம்மா ஏறுவீங்க? எங்கூட வந்துருங்க. ரூம்பு ரெடி பண்ணிட்டேன்.”

அவன் மனைவி தங்கமான பெண். அவள் வீட்டுக்குப் போனால் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர்கூடத் தானே கொண்டுவந்து கொடுப்பாள். அடுப்பு இருக்கும் பக்கம் விடமாட்டாள். எனக்கு விரலும் வேண்டும், என் அடுப்பும் வேண்டும். பொய்க்காரி என்ற பேர் வேண்டாம்.

“நான் பொய் சொல்லலன்னு எப்படிக் காட்டுறது?” என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். அவள் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு போத்தல் நீல மருந்தும் கொடுத்தாள். மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சீனி. மஞ்சள், பிறகு செங்கல் நிறம் என்றால் மோசம். படிக்கத் தேவையில்லை. எனக்குத் தோதான வைத்தியம்.

மகள் வேலை முடிந்து வந்தபோது நான் குழாயைக் கிடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன்.

“அம்மா! சாம்பார் அடுப்புலயா?”

“சாம்பாரை எறக்கிட்டேன்.”

“குடுங்க, நான் பண்றேன்.”

“என்னோடதை நானே பாத்துக்குவேன். நீ போய்க் குளி.”

செங்கல் நிறம் வந்தது. நம் வீட்டு மீன்குழம்பு மாதிரியே இருந்தது. டாக்டர் சொன்னது சரி, நான் சொன்னதும் சரி. அப்படியென்றால் வீட்டில் வேறு எதுவோ பொய் சொல்கிறது.

சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். செங்கல். மாம்பழத்தை நிறுத்தினேன். செங்கல். தோசையை விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். மகள், “உங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா?” என்றாள். இல்லை என்றேன்.

ஒருநாள் விடாத மழை. தெருவில் தண்ணீர் ஏறிக் கடைகள் அடைத்திருந்தன. வீட்டில் தேநீரில் விடும் கெட்டியான டின் பால் தீர்ந்துவிட்டது. நாள் முழுக்க வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்தேன், மருந்தைவிடக் கசப்பு. மறுநாள் காலையில் குழாயைக் கொதிக்க வைத்தால் பச்சை. மழை விட்டதும் மகள் புது டின் வாங்கி வந்தாள். பழையபடி பால் விட்டுத் தே கலக்கிக் குடித்தேன். செங்கல்.

டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எறும்பு ஏறாமலிருக்க அதை ஒரு தட்டுத் தண்ணீரில்தான் வைத்திருப்போம். தட்டைச் சுற்றி எறும்புகள் வரிசையாக நின்றன. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சீனி என்றால் வெள்ளையாக, மணல் மாதிரி இருப்பது. டின்னில் இருப்பது பால். பால் உடம்புக்கு நல்லது என்று நான் ஒரு குவளைக்கு மூன்று கரண்டி விடுவேன், சீனி போடாததால் ஒரு கரண்டி கூடுதலாக.

சீனி அந்தப் பாலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. டின் பாலை அன்றோடு நிறுத்தினேன். சோற்றையும் பழையபடி ஏற்றவில்லை. குழாய் பச்சையானது, சில நாள் நீலமாகவே நின்றது. நீலத்தைப் பார்த்தால் அன்று பூராவும் யாரிடமும் கோபம் வராது. புண் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது.

டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஸ்ஸி கேட்டாள்: “யாரும்மா வீட்டுல ஒங்களப் பாத்துக்குறது?”

“நான்தான்.”

“விரல எடுக்க வேணாமாம். நீங்க சொன்னது பொய்யில்லன்னு சொல்றாரு.”

“அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா சரி” என்றேன். அதை அவள் மொழிபெயர்த்தாளோ என்னவோ, டாக்டர் சிரித்தார்.

அன்று மகன் வந்து கையைப் பிடித்துப் படியேற்றப் பார்த்தான். கையை எடு என்றேன். நானே ஏறிப்போய் அவனுக்கு மீன்குழம்பு வைத்தேன். அந்த நிறத்தைப் பார்த்து எனக்கு மட்டும் சாப்பிட மனம் வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பேத்தி. நடுவில் ரெண்டு தடவை சிரித்தாள், எந்த இடத்தில் என்று கேட்டால் சொல்லவில்லை. கண்ணு, மொதல்லேருந்து படி. மெதுவா படி, ஒண்ணையும் விடாத.