ஓடையில் போட்ட பலகை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. 1985 நவம்பரில், ஜெர்மனியில், பவேரியக் காட்டோரத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேயாவது பிசாசாவது என்று சிரிப்பவர்கள் கொலோனுக்குப் போய் அம்புறோஸிடம் சிரித்துப் பாருங்கள். அவன் எழும்பிக் கதவைத் திறந்துவிடுவான், போகலாம் என்று.

அம்புறோஸ் மன்னார், பேசாலைக்காரன். அசூல் அடித்துவிட்டு, அதாவது புகலிடம் கேட்டுவிட்டு, மலையோரச் சிற்றூர் ஒன்றின் அகதி விடுதியில் கிடந்தான். புது மனைவி பேர்பெச்சுவா ஊரில். விடுதித் தொலைபேசிக்கு, இராமேஸ்வரம் அகதி முகாமில் இருந்த மைத்துனன் அலோசியஸ் அழைப்பு எடுத்தான்.

"அத்தான், சனிக்கிழமை பொழுதுபட அக்கா இங்கை வர வள்ளம் ஏறுறா. மாதாவை மன்றாடுங்கோ."

கடற்படை கண்டால் சுடும். கடல் குழம்பினால் அதுவும் விடாது. இத்தனை ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருந்து அம்புறோஸ் என்ன செய்வான்? நேர்த்தி வைத்தான். காட்டுக்குள் ஒரு மாதா கோயில் உண்டு. ஊரில் மடு மாதாவுக்கு நடப்பதுபோல, அவள் கடலில் இருக்கும் நேரம் அதற்கு வெறுங்காலோடு நடப்பது என்று வைத்தான்.

"விசரனே, இந்தக் குளிருக்கை வெறுங்காலோ? விறைச்சுச் செத்துப்போவாய்," என்றார் தம்பித்துரை. அதே விடுதியில் இருந்த காரைநகர்ச் சைவக்காரர். இரண்டு வருடம் முந்தி வந்தவர், கொஞ்சம் ஜெர்மன் தெரியும். ஏசியபடியே சப்பாத்தை மாட்டிக்கொண்டு கூட வந்தார். "உன்ரை மாதாவும் என்ரை அம்மனும் சண்டை பிடிக்க மாட்டினம். நட."

வயல் ஓரத்தில் பாதை. வழிநெடுகச் சின்னச் சின்ன மாடங்கள். உள்ளே மாதா, சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரி. ஒவ்வொன்றிலும் அம்புறோஸ் முழங்காலில் நின்றான். மாடங்களுக்கு இடையே பலகைகள் நட்டிருந்தார்கள். ஆள் உயரம், ஆள் அகலம். மேலே சிலுவை, கீழே பழைய எழுத்து. தம்பித்துரைக்கு அந்த எழுத்து பிடிபடவில்லை. நன்றிக்கு வைத்த நேர்த்திப் பலகையாக்கும் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. ஓடை வந்தது. மழையில் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. கீழே தார்ச்சாலையில் பாலம் உண்டு. ஆனால் ஓடைக்கு அப்பால் வேறு மாவட்டம். அசூல் கேட்டவன் அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்டக்கூடாது. பாலத்தில் பொலிஸ் பிடித்தால் கேசுக்கே பழுது.

கரையில் ஒரு பலகை சரிந்து நின்றது. அடி உக்கி இற்றுப்போயிருந்தது.

"சாமி கோவிக்காது," என்று தம்பித்துரை அதைப் பிடுங்கினார். "திரும்பி வரேக்கை நட்டுவிடுவம்."

குறுக்கே போட்டார்கள். தம்பித்துரை முதலில் கடந்தார். பிறகு அம்புறோஸ். மண் ஐஸாகக் கிடந்தது. பலகை மட்டும் உள்ளங்காலில் சுட்டது. இப்போதுதான் யாரோ எழும்பிப்போன பாயின் சூடு.

கடந்துவிட்டான்.

பின்னால் சத்தம். டொக்...

திரும்பினான். அக்கரையில் ஒரு பெண். தலையில் போர்வை. முகம் தெரியவில்லை. ஒரு காலைப் பலகையில் வைத்தபடி நின்றாள்.

யாத்திரைக்கு வந்தவள், கடக்கப் பயப்படுகிறாள் என்று நினைத்தான். தண்ணீர் கடக்கும்போது பின்னால் வருகிறவருக்குக் கை கொடுக்காமல் போனால் நேர்த்தி பலிக்காது. அம்புறோஸ் வீட்டார் மடுவுக்கு நடந்தபோதெல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

பலகையின் நுனியில் ஏறி நின்றான். கையை நீட்டினான்.

"வாங்கோ... பயப்பிடாதேங்கோ. நான் பிடிக்கிறன்."

டொக்... டொக்...

விரல்கள் பிடித்தன. நனைந்த விரல்கள்.

இழுத்தான். கனம் தெரிந்தது.

பிறகு கனம் இல்லை.

பலகையில் யாரும் இல்லை...

"ஆரோடை கதைக்கிறாய்?" என்றார் தம்பித்துரை.

"பொம்பிளை ஒராள்... விழுந்திட்டா அண்ணை!"

"ஒருத்தரும் வரேல்லையடா. நான் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறன்."

மணி மூன்றரை.

கோயிலில் மெழுகுதிரி விற்கும் கிழவி அவர்களுடைய சேற்றுக் கால்களைப் பார்த்து, எந்த வழியால் வந்தீர்கள் என்று கேட்டாள். தம்பித்துரை சொன்னார். அவள் முகம் செத்துப்போனது. கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்னவாம் அண்ணை?"

தம்பித்துரை மெதுவாகச் சொன்னார். "ஆள் செத்தால் பெட்டியிலை வைக்க முதல் அந்தப் பலகையிலைதான் கிடத்துவினமாம். பிறகு வழியிலை நட்டுவிடுவினமாம். அது உக்கி முடியுமட்டும் செத்தவை பக்கத்திலைதான் நிப்பினமாம்."

"வேறை?"

"அதிலை நிண்டு ஒருத்தரையும் கூப்பிடக்கூடாதாம்."

"கூப்பிட்டால்?"

கிழவி சொன்னாள். தம்பித்துரை அதைத் தமிழில் சொல்லவில்லை. "கிழவியளின்ரை கதை, விடு," என்று மட்டும் சொன்னார். அம்புறோஸ் பேர்பெச்சுவாவுக்காக மெழுகுதிரி ஏற்றினான். அது ஒழுங்காகத்தான் எரிந்தது. திரும்பும்போது சாலைப் பாலத்தால் வந்தார்கள். பொலிஸ் பிடித்தால் பிடிக்கட்டும் என்றிருந்தது.

திங்கட்கிழமை அலோசியஸ் மறுபடி அழைப்பு எடுத்தான். அம்புறோஸ் முந்திக்கொண்டு கேட்டான்.

"நேவி வந்ததோ?"

"இல்லை அத்தான். கடலும் அசையாமல் கிடந்ததாம். வள்ளத்திலை வந்த எல்லாரும் கரை சேந்திட்டினம்..."

"அக்கா எங்கை?"

அலோசியஸ் அழத் தொடங்கினான்.

"நடுக்கடலிலை எழும்பி நிண்டவாவாம். எட்டு மணி இருக்குமாம்."

அங்கே எட்டு மணி என்றால் இங்கே மூன்றரை. அந்தக் கணக்கு எந்த அகதிக்கும் மனப்பாடம்.

"ஆரோ கூப்பிட்ட மாதிரித் திரும்பிப் பாத்தவாவாம். 'ஓம், வாறன்' எண்டவாவாம். பக்கத்திலை இருந்தவை இழுத்துப் பிடிச்சும் ஏலாமல் போச்சாம். 'விடுங்கோ, அவர் கை தாறார்' எண்டு சிரிச்சுக்கொண்டு... வள்ளத்துக்கு வெளியிலை காலை எடுத்து வைச்சாவாம், அத்தான்."

பேர்பெச்சுவாவின் உடல் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.