சுவரோரம் ஒரு மஞ்சள் கோடு

ஓசூரில் நாங்கள் கட்டிய வீட்டில் எங்களுக்கு முன்பே குடியேறிவிட்டது கரையான். சமையலறை ஜன்னல் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது. மருந்தடிக்க வந்தவர், "மருந்து பாதிதான் சார். செவுத்த ஒட்டி செடி, மரச்சாமான் எதுவும் வெக்காதீங்க. ஈரம் நிக்க வுடாதீங்க. செவுரு கண்ணுக்குத் தெரிஞ்சாதான் மண்ணு கோடா ஏறும்போதே புடிக்கலாம்" என்று சொல்லிப் போனார்.

வேறொருவர் நாலு செடியைத் தள்ளி நட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. இயந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் நடைபாதைக்குப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு போல்ட் கிடந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி இரண்டடி தள்ளிச் சிமெண்ட் பட்டை போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். கோட்டுக்குள் சருகை வாரி, தண்ணீர் வெளியே ஓடும்படி மண்ணைச் சரித்து, ஜல்லி கொட்டினேன். கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வெளியேற்றப்பட்டன.

"இன்னா சார், கம்பெனிய வூட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்று சிரித்த எதிர்வீட்டுக்காரர், மறுநாளே கோட்டுக்குள் தன் பைக்கை நிறுத்தினார். எங்களுக்கு இன்னும் காம்பவுண்டு சுவர் இல்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான்.

மிஞ்சியது வாசல் ஜன்னலடியில் இருந்த மல்லிகைக் கொடி. என் மனைவி விருதுநகர்ப் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. புது ஊரில் அவள் மனம்விட்டுப் பேசுவதெல்லாம் அதனிடம்தான். எனக்கு அதன்மேல் பொறாமையே உண்டு.

"பூக்குற கொடியப் பிடுங்கி நட்டா பட்டுப்போகும்ங்க."

"ரூல்னா ரூல்தான்."

"அப்ப என்னையும் கோட்டுக்கு அங்கிட்டு வச்சிருங்க."

பயந்துபோய் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன். அந்த மழைக்காலம் முழுக்கப் பார்ப்பது. கொடியடியில் ஒரு மண்கோடு ஏறினாலும் அது கிளம்ப வேண்டும்.

தினமும் காலையில் ஆய்வு. குனிந்து பார்த்துப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்பெனியில் கழித்துப்போட்ட, சரக்கு அடுக்கும் மரப் பேலட் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, வாசலுக்கு மறுபக்கம் சுவரோரம் போட்டு, காப்பியோடு உட்கார்ந்து மல்லிகையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, ஏறிருச்சு."

சொன்னால் வெட்கம், அவ்வளவு சந்தோஷமாக ஓடினேன். கொடியடியில் சுவர் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவள் கை நீட்டியது என் பேலட்டை. அதன் காலிலிருந்து கிளம்பிய மண்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல் அந்தப் பக்கத்து ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜல்லி, சரிவு, பெயிண்ட் எல்லாம் தாண்டி நானே பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நான் பேலட்டைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டு, மண்கோட்டைச் சுரண்டிவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு வெளியே காப்பி டம்ளரோடு நின்றேன். அவள் கொடியின் பக்கம் குனிந்து, எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"பயப்படாத. அவரத்தான் எடம் மாத்தி நட்டிருக்கு. பட்டுப்போக மாட்டாரு."