சனிக்கிழமைக்குச் சாட்சி சொன்ன ஸ்டெல்லா

எங்கள் தொழிற்சாலையில், என் லைனில் எஸ்தரும் ஸ்டெல்லாவும் பக்கத்துப் பக்கத்து மேஜை. இருவரும் கிறிஸ்தவர்கள். நாசரேத் பக்கமிருந்து வந்த எஸ்தருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். பென்னலூர்க்காரி ஸ்டெல்லாவுக்கு ஞாயிறு.

எது சரியான நாள் என்று தினமும் கேன்டீனில் சண்டைதான். ஆனாலும் எஸ்தரின் சனிக்கிழமை வேலையை ஸ்டெல்லாவும், ஸ்டெல்லாவின் ஞாயிறு வேலையை எஸ்தரும் மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். லைன் லீடரான எனக்கு அது நிம்மதி.

இன்று காலை புதிதாக வந்த எச்.ஆர். அதிகாரி எங்கள் மூவரையும் கூப்பிட்டார்.

"கிறிஸ்டியன்னா சண்டேதானே? சனிக்கிழமை லீவு கேக்குறது ஏமாத்து வேலை. வரலைன்னா ராஜினாமா பேப்பர் போட்டுடுங்க" என்றார் எஸ்தரிடம்.

எஸ்தர் கண் கலங்கினாள். "அப்ப போட்டுருதேன் சார்."

ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். "அவ பொய் சொல்லல சார். பைபிள்ல ஏழாம் நாளுன்னுதான் கீது. அது சனிக்கிழமைதான்."

"நீங்க ஞாயித்துக்கிழமை ஆளாச்சே?"

"ஆமா சார். ஞாயித்துக்கிழமை ஆளு நானே சொல்றேன்."

அவர், "சரி, பழையபடியே மாத்திக்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் எஸ்தர் கேட்டாள். "யக்கா, அப்ப சனிக்கிழமைதான்னு ஒத்துக்கிட்டியளா?"

"யாரு ஒத்துக்கினது? இயேசு உயிர்த்தது ஞாயித்துக்கிழமை. அத்த அவரு கேக்கல, நானும் சொல்லல."

மதியம் சண்டை மறுபடி ஆரம்பித்தது. தீர்ப்புச் சொல்ல என்னை உட்காரவைத்தார்கள்.

என் வார லீவு புதன்கிழமை. அன்று நாள் முழுக்கத் துணி துவைப்பேன். புதனுக்கு ஏதாவது வசனம் இருந்தால் சொல்லுங்களேன்.